ஊதச் சொல்லாமல் அளந்த கதை

ஆஸ்துமாவுக்கோ ஆறாத இருமலுக்கோ மருத்துவரிடம் போனவர்களுக்கு ‘ஊதுற டெஸ்ட்’ பழக்கமாகியிருக்கும். மூக்கில் கிளிப், வாயில் அட்டைக் குழல், எதிரே டெக்னீஷியன். “நல்லா இழுங்க... ம், இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விட்டுடாதீங்க, இன்னும் கொஞ்சம்!” என்று அவர் போடும் சத்தத்தில் வெளியே காத்திருப்பவர்களுக்கும் மூச்சு வாங்கும். சத்தத்துக்குக் காரணம் உண்டு. நோயாளி முழுமூச்சாக ஒத்துழைத்தால்தான் அந்தக் கருவி உண்மை பேசும். அரைமனதாக ஊதினால் நல்ல நுரையீரலும் கெட்ட நுரையீரலாகத் தெரியும். சரி, தொட்டிலில் தூங்கும் கைக்குழந்தையை என்ன செய்வது? ஐ.சி.யூ.வில் மயங்கிக் கிடப்பவரை?

அவர்களுடைய நுரையீரலையும் அளக்கிறார்கள். கெஞ்சாமல், அதட்டாமல், சில சமயம் அவர்களுக்கே தெரியாமல். அந்த வித்தை வந்த வழிதான் விசித்திரம். சூரிய கிரகணம், போர்க்கால பலூன், ஒரு பூனை, ஆக்ஸ்ஃபோர்டு கார் தொழிற்சாலை, அர்ஜென்டினாவின் எண்ணெய் நிறுவனம் என்று மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் எல்லாம் தங்கித் தங்கித்தான் அது ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது.

1799இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து தொடங்கலாம். வாயுக்களை முகர வைத்தே நோய்களைத் தீர்த்துவிடலாம் என்று நம்பிய தாமஸ் பெடோஸ் என்ற மருத்துவர் அங்கே ஒரு நிலையம் திறந்தார். அவருக்குக் கருவிகள் வடிவமைத்துக் கொடுத்தவர் நீராவி இயந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட். மகள் ஜெஸ்ஸியைக் காசநோய்க்குப் பறிகொடுத்த தகப்பன் அவர். இந்த ஆர்வத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஹம்ப்ரி டேவி. சிரிப்பூட்டும் வாயுவைத் தானே முகர்ந்து தானே குறிப்பெழுதிக்கொண்டிருந்த அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. உள்ளே இழுத்த வாயு எவ்வளவு என்று தெரிகிறது. நுரையீரலில் ஏற்கெனவே இருந்த காற்று எவ்வளவு?

கேள்வி எளிமையாகத் தோன்றினாலும் பொல்லாதது. மூச்சை எவ்வளவு பலமாக வெளியே தள்ளினாலும் வளர்ந்த மனிதரின் நெஞ்சில் ஒரு லிட்டருக்கு மேல் காற்று தங்கிவிடும். விலா எலும்புக் கூடு அதற்கு மேல் சுருங்காது. எத்தனை ஒத்துழைப்புக் கொடுத்தாலும் வெளியே வராத காற்று அது. ஊதி அளக்கும் எந்தக் கருவியும் அதைப் பார்க்கவே முடியாது. டேவி சுற்றுவழியில் போனார். ஆழம் தெரியாத பானைத் தண்ணீரில் ஒரு பிடி உப்பைப் போட்டுக் கலக்கி, எவ்வளவு கரிக்கிறது என்று பார்த்தால் தண்ணீரின் அளவு தெரிந்துவிடும் அல்லவா? அப்படி, அளந்து எடுத்த ஹைட்ரஜனைச் சில முறை இழுத்து விட்டு, அது எவ்வளவு நீர்த்துப்போனது என்று கணக்கிட்டார். 1800இல் புத்தகமாக வெளியிட்டபோது அவருக்கு வயது 21. நெருப்புப் பொறி பட்டால் வெடிக்கும் வாயுவை நெஞ்சு நிறைய இழுத்தவருக்கு இன்றைய ஆய்வு நெறிமுறைக் குழு எதுவும் அனுமதி கொடுத்திருக்காது.

இந்த யோசனை அதன்பின் நெடுங்காலம் தூங்கியது. மேடையைப் பிடித்துக்கொண்டது ஊதும் கருவி. 1846இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹச்சின்சன், தண்ணீரில் கவிழ்த்த மணிபோல மேலெழும் ஸ்பைரோமீட்டரோடு வந்தார். மாலுமிகள், தீயணைப்பு வீரர்கள், போலீஸ்காரர்கள், ஏழை விடுதிவாசிகள், மல்யுத்தக்காரர்கள் என இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊத வைத்து அளந்தார். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு இது தேன். யாருக்குக் காசநோய் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் பாலிசியை மறுத்துவிடலாமே! ஃப்ரீமன் என்ற அமெரிக்க ராட்சதக் குத்துச்சண்டை வீரரை ஹச்சின்சன் இரண்டு வருட இடைவெளியில் இரு முறை அளந்தார். ஆள் பார்க்கத் தெம்பாகவே இருந்தார். ஊதிய காற்று குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு காசநோயில் ஃப்ரீமன் இறந்தார். கருவிக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா? ஹச்சின்சனோ அந்தப் புகழை லண்டனிலேயே விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, 1861இல் ஃபிஜித் தீவில் இறந்துபோனார்.

கருவி தன் போக்கில் பயணம் செய்தது, எல்லா இடத்துக்கும் நல்ல நோக்கத்தோடு அல்ல. அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்களில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பினத்தவரின் நுரையீரல் பிறப்பிலேயே சிறியது, உழைப்பே அவர்களுக்கு மருந்து என்று அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்க ஸ்பைரோமீட்டர் எண்களைக் காட்டினார். அந்த மனப்பான்மையின் எச்சம், இனத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொள்ளும் வழக்கமாகக் கருவிகளுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. ஆசியர்களுக்கும் தனிக் கழிவு உண்டு. இனம் பாராத கணக்குக்கு மாறும்படி அமெரிக்க நுரையீரல் மருத்துவச் சங்கம் பரிந்துரைத்தது 2023இல்தான்.

டேவியின் கலக்கும் வித்தையை 1864இல் பிரான்ஸில் நெஸ்தோர் கிரேஆன் தட்டி எழுப்பினார். அவரும் ஹைட்ரஜனோடுதான் மல்லுக்கட்டினார். வெடிக்காத, இரத்தத்தில் அவ்வளவாகக் கரையாத, உடம்பு சீண்டாத ஒரு வாயு அவருக்குத் தேவையாக இருந்தது. அது இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. நான்கே வருடத்தில் நம் பக்கத்தில் அதன் தடயம் கிடைத்தது. 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜூல்ஸ் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சனும் நிறமாலை பார்க்கும் கருவிகளோடு காத்திருந்தார்கள். சூரியன் மறைந்ததும் அதன் விளிம்பில் பளிச்சென்று சில கோடுகள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு மஞ்சள் கோடு சோடியத்தோடு சரியாகப் பொருந்தவில்லை. அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்யரும் அதைப் பார்த்தார். சூரியனில் மட்டுமே இருப்பதாக நினைத்த அந்தத் தனிமத்துக்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. 1895இல்தான் வில்லியம் ராம்சே அதை ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து பூமியிலேயே பிடித்தார்.

வாயு கிடைத்தால் போதாது, கலவையில் அது எத்தனை சதவீதம் என்று சட்டென்று சொல்ல ஒரு கருவி வேண்டும். அதைக் கொடுத்தது முதல் உலகப் போர். போர்க்கால பலூன்களிலும் வான்கப்பல்களிலும் ஹைட்ரஜன் கசிகிறதா என்று பார்க்க, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஷேக்ஸ்பியர் (நாடகக்காரர் அல்ல, இவர் இயற்பியல்காரர்) ஒரு சூடான கம்பியைப் பயன்படுத்தினார். ஹைட்ரஜனும் ஹீலியமும் காற்றைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சுற்றிலும் அவை கூடினால் கம்பி குளிரும், அதன் மின்தடை மாறும். பலூன் ஓட்டை பார்த்த இந்தக் கம்பி பிற்பாடு நுரையீரல் ஆய்வகத்துக்குக் குடிபெயர்ந்தது. 1940களில் மெனீலியும் கால்ட்ரைடரும் ஹீலியம் முறையை நிலைநிறுத்தினார்கள். மூன்று லிட்டர் சுற்றில் 10 சதவீதம் ஹீலியம். நோயாளி சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். சில நிமிடத்தில் அது 6 சதவீதமாக இறங்கி நிற்கிறது என்றால் மொத்தக் கொள்ளளவு ஐந்து லிட்டர், நுரையீரலில் இருந்தது இரண்டு. ஊதல் இல்லை, சத்தம் இல்லை. வென்டிலேட்டரில் இருப்பவருக்கும் இதே கணக்குதான்.

இதற்குள் இன்னொரு கிளைக்கதை வளர்ந்திருந்தது: பெட்டி. 1882இல் ஜெர்மனியின் பான் நகரில் எட்வர்ட் ஃப்ளூகர் மனிதரை ஒரு மூடிய அறைக்குள் உட்கார வைத்து, நெஞ்சு விரிவதை அறைக் காற்றின் அழுத்தத்தைக் கொண்டு கண்டுபிடிக்கப் பார்த்தார். அடிப்படை, பள்ளியில் படித்த பாயில் விதி. யோசனை சரி, நடைமுறை சரியில்லை. உட்கார்ந்திருப்பவரின் உடல் சூடே அறைக் காற்றை விரித்துக் கணக்கைக் குழப்பியது.

பெட்டியை அடுத்துக் கையில் எடுத்தவர்கள் ஹார்வர்டுக்காரர்கள். 1920களில் லூயி அகசிஸ் ஷா ஒரு பூனையின் உடம்பை உலோகப் பெட்டிக்குள் வைத்து, தலையை மட்டும் வெளியே நீட்டவிட்டு, அது மூச்சு விடும்போது பெட்டிக் காற்று ஏறி இறங்குவதை அளந்துகொண்டிருந்தார். பூனையைவிட ஒத்துழைக்காத நோயாளி உலகத்தில் கிடையாது. அந்த வகையில் சரியான தேர்வு. பக்கத்தில் நின்று பார்த்த பொறியாளர் ஃபிலிப் டிரிங்கருக்கு யோசனை தலைகீழாக ஓடியது. மூச்சு பெட்டிக் காற்றை அசைக்கிறது என்றால், பெட்டிக் காற்றை அசைத்தால் மூச்சு வருமா? தசைகளைச் செயலிழக்கச் செய்த பூனையின் பெட்டியில் ஊசிப் பீச்சாங்குழலால் காற்றை இழுத்துத் தள்ளிப் பார்த்தார். பூனை மூச்சு விட்டது. வேக்குவம் கிளீனர் ஊதுவிசிறிகளை வைத்து ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு பெட்டி செய்தார்கள். 1928 அக்டோபரில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் இளம்பிள்ளை வாதத்தால் மூச்சடங்கிக் கிடந்த எட்டு வயதுச் சிறுமியை அதில் படுக்க வைத்ததும் சில நிமிடங்களில் நினைவு திரும்பியது. பிறகு நிமோனியா வந்து அவள் பிழைக்காமல் போனாலும், அளக்கச் செய்த பெட்டி ‘இரும்பு நுரையீரல்’ ஆகிவிட்டது.

வெற்றி என்றால் நகல் வராமலா? 1931இல் ஜான் ஹேவன் எமர்சன் என்பவர் இதைவிட விலை குறைந்த, சத்தமில்லாத ஒன்றைச் செய்தார். டிரிங்கர் தரப்பு காப்புரிமை வழக்குப் போட்டது. எமர்சன் பழைய காகிதங்களைத் தோண்டி எடுத்து, டிரிங்கரின் பெட்டியில் இருப்பதெல்லாம் ஏற்கெனவே யாராவது செய்ததுதான் என்று காட்டினார். கென்டக்கியைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஜோன்ஸ் 1864லேயே ஒரு காற்றுப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கி, வாதம் முதல் நரம்புவலி வரை தீரும் என்று கடை விரித்திருந்தார். நகலென்று வழக்குப் போட்டவர்களின் காப்புரிமையே செல்லாமல் போனது. அந்தப் பக்கம் ஆஸ்திரேலியாவின் எட்வர்ட் போத் ஒட்டுப்பலகையில் மலிவாக ஒன்று செய்தார். அதைக் கேள்விப்பட்ட மோட்டார் முதலாளி நஃபீல்டு பிரபு, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் கௌலியில் இருந்த தன் மோரிஸ் கார் ஆலையிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைச் செய்யவைத்து, பேரரசு முழுவதும் இருந்த மருத்துவமனைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்.

அளக்கும் பெட்டி, ஃப்ளூகர் விட்ட இடத்திலேயே காத்திருந்தது. 1956இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் டுபாய், ஸ்டெல்லா போடெல்ஹோ, ஜூலியஸ் கம்ரோ உள்ளிட்டோர் அதைத் தூசு தட்டினார்கள். டுபாயின் தந்தை யூஜீன், நியூயார்க் பெல்வ்யூ மருத்துவமனையில் மனிதர்களை அறைக்குள் வைத்து உடல் சூட்டை அளந்தவர். உயரம், எடையிலிருந்து உடல் பரப்பைக் கணக்கிடும் வாய்பாடு அந்தக் குடும்பத்துச் சொத்து. தந்தை தேடிய சூடு, மகனுக்குத் தொல்லை. தொல்லையை அவர் வேகத்தால் வென்றார். வாய்க்குழலைச் சில நொடி மூடிவிட்டு, நோயாளியைச் சின்னச் சின்னதாக இரைக்கச் சொன்னார். மூடிய குழலுக்கு எதிராக நெஞ்சு விரியும்போது உள்ளே இருக்கும் காற்று அழுத்தம் குறைந்து விரிகிறது, வெளியே பெட்டிக் காற்று அதே அளவு நசுங்குகிறது. வாயில் ஓர் அழுத்தமானி, பெட்டியில் ஒன்று. இரண்டையும் சேர்த்தால் நெஞ்சுக் காற்றின் மொத்த அளவு கிடைக்கும். அடைபட்ட மூச்சுக்குழாய்களுக்குப் பின்னால் ஹீலியம் எட்டாமல் சிக்கிக் கிடக்கும் காற்றும் இதில் தப்பாது. இன்றும் பெரிய மருத்துவமனைகளில் கண்ணாடிக் கூண்டாக நிற்பது இந்தப் பெட்டிதான். இரைக்கச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பீர்கள். பெரியவர்களுக்குத்தான். தூக்க மருந்தில் தூங்கும் குழந்தையின் முகமூடியை ஒரு கணம் அடைத்தால், அது யாரும் சொல்லாமலே அடுத்த மூச்சை இழுக்கப் பார்க்கும். அந்த முயற்சி போதும்.

எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் அதற்கு முந்தைய வருடம், 1955இல், நடந்தது. பிறந்த குழந்தைகளின் மூச்சை அளக்க டிரார்பாவும் வாலஸ் ஃபென்னும் ஒரு மூடிய பெட்டி செய்தார்கள். முகமூடிகூட இல்லை, குழந்தை முழுவதும் உள்ளே. யோசித்தால் இது வேலை செய்யவே கூடாது. குழந்தை இழுக்கும் காற்றும் அதே பெட்டியின் காற்றுதானே. நெஞ்சு விரிந்த அளவு வெளிக்காற்று குறைந்துவிட்டதே. ஆனால் உள்ளே போன காற்று உடல் சூட்டில் வெதுவெதுப்பாகிறது, ஈரமும் சேர்கிறது, கொஞ்சம் விரிகிறது. அந்தக் கொஞ்சத்தில் பெட்டியின் அழுத்தம் ஒவ்வொரு மூச்சுக்கும் துளி ஏறி இறங்கும். ஃப்ளூகரைக் கவிழ்த்த அதே சூட்டை அளவுகோலாக்கிவிட்டார்கள்! மொத்தக் கொள்ளளவு இதில் வராது, ஒவ்வொரு மூச்சும் எவ்வளவு என்பது வரும். ஒரு நிபந்தனை உண்டு: பெட்டிக்குள் இருக்கும் காற்று உடம்பைவிடக் குளிர்ந்தோ உலர்ந்தோ இருக்க வேண்டும். சென்னை மே மாதப் புழுக்கத்தில் ஏ.சி. இல்லாமல் வைத்தால் பெட்டிக்கு ஒன்றுமே கேட்காது.

இந்த முறைக்கும் நகலெடுப்பவர்கள் கூட்டமாக வந்தார்கள், இந்தத் தடவை எலி ஆய்வாளர்கள். 1997இல் டென்வரிலிருந்து வந்த ஓர் ஆய்வு, இப்படிப்பட்ட பெட்டியில் எலியைச் சும்மா ஓடவிட்டே அதன் ஆஸ்துமாவை ‘பென்ஹெச்’ என்ற ஓர் எண்ணால் சொல்லிவிடலாம் என்றது. எலியைப் பிடிக்க வேண்டாம், குழாய் செருக வேண்டாம், எண் தானாக வரும், யாருக்குக் கசக்கும்? ஆய்வகம் ஆய்வகமாகப் பரவியது. மூச்சுக்குழாய் சுருங்கியதா, எலி மூச்சு விடும் தாளம் மாறியதா, காற்றின் சூடு மாறியதா என்று அந்த எண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது என நுரையீரல் இயங்கியல் பெரியவர்கள் 2004இல் கூட்டாகக் கையெழுத்திட்டு எழுத வேண்டியிருந்தது. சுலபம் என்பதற்காகவே ஓர் எண்ணை நம்பிவிடும் பழக்கம் ஹச்சின்சன் காலத்திலிருந்தே இந்தத் துறைக்கு உண்டு.

பெட்டியை உடம்பிலேயே கட்டிக்கொள்ள முடியுமா? 1967இல் ஹார்வர்டில் ஜப்பானியரான கொன்னோவும் ஜியர் மீடும், மூச்சில் அசைவது முக்கியமாக இரண்டுதான், விலாக்கூடும் வயிறும், இவற்றை அளந்தால் கொள்ளளவு மாற்றம் கிடைக்கும் என்று காட்டினார்கள். மயாமி பீச்சில் மார்வின் சாக்னரின் குழு, நெளிநெளியாகத் தைத்த கம்பியோடு கூடிய எலாஸ்டிக் பட்டைகளை நெஞ்சிலும் வயிற்றிலும் சுற்றியது. நெஞ்சுக்கு எவ்வளவு, வயிற்றுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க முதலில் நோயாளியிடம் பயிற்சி வாங்க வேண்டியிருந்தது. 1989இல் அதுவும் போயிற்று. ஐந்து நிமிடம் இயல்பாக மூச்சு விட்டாலே கணக்கு தானாகப் பிரிந்துவிடும்படி செய்தார்கள். குறட்டைக்காக ஸ்லீப் ஸ்டடி எடுத்தவர்கள் இரவு முழுக்கக் கட்டிக்கொண்டு படுத்தது இந்த இரட்டைப் பட்டையைத்தான்.

பட்டை வெளியசைவை மட்டுமே பார்க்கும். நுரையீரலின் எந்த மூலைக்குக் காற்று போகிறது என்று தெரியாது. அதற்கான வழி மண்ணுக்கடியிலிருந்து வந்தது. 1912 வாக்கில் பிரெஞ்சு இயற்பியலாளர் கான்ராட் ஷ்லும்பெர்ஜர், தரையில் மின்சாரம் செலுத்தி, மேற்பரப்பில் அளந்த மின்னழுத்தத்தைக் கொண்டு அடியில் என்ன தாது இருக்கிறதென்று ஊகித்தார். எண்ணெய்க் கம்பெனிகள் அந்த முறையைக் கொத்திக்கொண்டன. அர்ஜென்டினா அரசு எண்ணெய் நிறுவனத்தில் 1940களில் பொறியாளராக இருந்த ஆல்பெர்ட்டோ கால்டெரோன் இதன் கணிதத்தைக் கேட்டார்: விளிம்பில் மட்டும் அளந்து உள்ளே இருப்பதை முழுசாகச் சொல்லிவிட முடியுமா? பிறகு அமெரிக்கா போய் உலகப் புகழ்பெற்ற கணிதமேதையான அவர், அந்தப் பழைய ஆபீஸ் கேள்வியை அச்சில் வெளியிட்டது 1980இல், பிரேசிலில். அதே பத்தாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பார்பரும் பிரவுனும் மார்பைச் சுற்றி 16 மின்முனைகளை ஒட்டி, உணர முடியாத அளவு சிறு மின்னோட்டம் செலுத்திப் படமெடுத்தார்கள். காற்று மின்சாரத்தைக் கடத்தாது. நுரையீரல் நிறைய நிறைய அந்த இடத்தின் தடை ஏறும். எண்ணெய் தேடிய அதே தந்திரம், இன்று ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் பக்கத்தில் மார்புப் பட்டையாக நிற்கிறது. ஜெர்மனியிலும் பிரேசிலிலும் இதைச் செய்து விற்கிறார்கள். கோவிட் காலத்தில், எந்த அழுத்தத்தில் காற்றைத் தள்ளினால் நோயாளியின் நுரையீரல் கிழியாமல் விரியும் என்று பார்க்க இது உதவியது. மாற்றத்தைத்தான் காட்டும், முழுக் கொள்ளளவைச் சொல்லாது என்பதுதான் இதன் குறை.

முழுக் கொள்ளளவு வேண்டுமென்றால் மறுபடி டேவி வீட்டு வாசலுக்குத்தான் வர வேண்டும். இப்போது கலப்பதில்லை, கழுவுகிறார்கள். 1940இல் பெல்வ்யூவில் டார்லிங், கூர்னான், ரிச்சர்ட்ஸ் மூவரும் நோயாளிக்குச் சுத்த ஆக்ஸிஜன் கொடுத்து, நுரையீரலில் இருந்த நைட்ரஜன் எல்லாம் வெளியேறும்வரை சேர்த்து அளந்தார்கள். இன்று சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயுள்ள குழந்தைகளுக்கு இந்தக் கழுவல்தான் முன்னணிச் சோதனை. கார்ட்டூன் போட்டுவிட்டால் போதும், பார்த்துக்கொண்டே மூச்சு விடுவார்கள். கைக்குழந்தைகளிடம் மட்டும் இடக்கு. சுத்த ஆக்ஸிஜன் பட்டால் அவர்களுடைய மூச்சின் போக்கே மாறிவிடும். ஆகவே அவர்களுக்கு உயர்மின்னழுத்த சுவிட்ச் நிலையங்களில் தீப்பொறி அடக்கும் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயுவை 4 சதவீதம் கலந்து கொடுத்துக் கழுவுகிறார்கள். உடம்புக்குக் கெடுதல் இல்லாதது, ஆனால் கார்பன் டை ஆக்ஸைடைவிட இருபதாயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு. மின்துறையில் அதற்குக் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டிருக்கின்றன.

நைட்ரஜன் பக்கமும் எல்லாம் சுபம் இல்லை. பரவலாகப் புழங்கிய ஒரு கருவியில் ஆக்ஸிஜன் உணரியும் கார்பன் டை ஆக்ஸைடு உணரியும் ஒன்றின் அளவில் ஒன்று தலையிட்டு, குழந்தைகளின் நுரையீரலை இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்ததை 2021இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நல்லவேளை, மூல அளவீடுகள் கணினிகளில் பத்திரமாக இருந்தன. யாரையும் திரும்பக் கூப்பிட்டு மூச்சு விடச் சொல்லாமலே, பழைய கோப்புகளைத் திருத்திய மென்பொருளில் போட்டு எண்களை மறுபடி எடுக்க முடிந்தது.